ஓடைக்கரைப் பாதையும் தான சாசனமும்

ஜவ்வாது மலை, திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் ஆகிய மூன்று மாவட்டங்களிலும் பரந்து கிடப்பது. செய்யாறு இம்மலையில் உற்பத்தியாகிச் சமவெளியில் இறங்கிப் பாலாற்றில் கலக்கிறது. ஆதலின் மலைமேல் ஓர் ஓடையின் கரை கரையுமாயின், அம்மண் கீழேயுள்ள ஏரிகளையும் கால்வாய்களையும் தூர்க்கும். சாமை விளையும் சரிவு நிலங்களை ஓடையின் விளிம்பு வரையில் உழுதுவிடுவதும், அவ்விளிம்பிலுள்ள மரங்களை வெட்டுவதும் இக்கேட்டை விரைவிற் கொணரும்.

அவ்வோரங்களே ஊரார் நடக்கும் வழியுமாகும். அவ்வழி பட்டா நிலத்தினூடே செல்லுமாயின், அதற்கு ஆதாரம் நிலச் சொந்தக்காரரின் நல்லெண்ணம் ஒன்றேயாம். வாய்மொழியாக அளித்த அனுமதி, 1882-ஆம் வருஷத்து இந்திய ஈஸ்மெண்டு சட்டப்படி வெறும் லைசென்ஸே. அது நிலத்தைப் பின்னர் வாங்கியவரைக் கட்டுப்படுத்தாது. தந்தை விட்ட வழியை, நிலம் கைமாறியபின் வேலி அடைத்துவிடும். நிலத்தை விட்டுக்கொடாமலே, கரையையும் வழியையும் என்றும் நிலைக்கச் செய்யும் மார்க்கம் உண்டா என்பதே இங்கு ஆராயத்தக்கது.

அமெரிக்க நாட்டின் முறை

அமெரிக்காவில் டென்னஸீ மாகாணத்து நாஷ்வில் நகரம், கம்பர்லாந்து நதியையும் அதன் துணை ஓடைகளையும் அடுத்து நீண்ட பசுமை வழிகளை அமைத்துள்ளது. ஆற்றோர நிலமுடையோர் பலர், நிலத்தின் சொந்தத்தைத் தம்மிடமே வைத்துக்கொண்டு, அதன் ஒரு பட்டையில் கட்டடம் எழுப்பாதிருக்கவும் பொதுஜனங்கள் நடக்கவுமான பாத்தியத்தை மட்டும் நகரத்திற்குச் சாசனமாக எழுதித் தருகின்றனர். நகரசபை அதனை அங்கீகரித்து ஏற்கிறது. பின்னர் அந்நிலத்தை யார் வாங்கினும் அப்பாத்தியத்திற்கு உட்பட்டே வாங்க வேண்டும். இத்தகைய சாசனங்களுக்கென 1981-இல் அந்நாட்டில் ஒரு மாதிரிச் சட்டம் வகுக்கப்பட்டது. தானத்தின் மதிப்பிற்கு அங்கே வருமான வரிச் சலுகையும் உண்டு. அச்சலுகை இந்நாட்டாருக்குப் பொருந்தாது.

இந்நாட்டுச் சட்டத்தின் நிலை

அம்முறையை அப்படியே இங்குக் கைக்கொள்ளுதற்குத் தடை ஒன்று உண்டு. இந்திய ஈஸ்மெண்டு சட்டத்தின் 4-ஆம் பிரிவின்படி, ஈஸ்மெண்டு பாத்தியம் என்பது ஒரு நிலத்தின் நன்மைக்காக மற்றொரு நிலத்தின்மேல் அமைவது. நன்மை பெறும் நிலம் ஒன்று இல்லாமல், பொதுவாக ஊருக்கென்று அதனை எழுதிவைத்தல் போதாது. எனினும் அதே பிரிவு, பிறர் நிலத்தில் ஒன்றைச் செய்யும் பாத்தியத்தையன்றி, ஒன்றைச் செய்யவொட்டாமல் தடுக்கும் பாத்தியத்தையும் கூறுகிறது. ஆகவே ஊராட்சிக்குச் சொந்தமான பள்ளி மனையோ, குளமோ, பாதையோ அடுத்திருக்குமாயின், அதன் நன்மைக்கென நடைபாதைப் பாத்தியத்தையும், கரையில் கட்டடம் எழுப்பாமையையும் எழுதித் தர இடமுண்டு.

மற்றொரு மார்க்கம், கரைப் பட்டையை முழுதும் தானமாகக் கொடுத்துவிடுதல். தமிழ்நாட்டு நகர்ப்புறங்களில் இது பழக்கமானதே. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகளில், சாலைகள் நீங்கலாக 10 சதவீத நிலத்தைத் திறந்த வெளிக்கென ஸ்தல ஸ்தாபனத்திற்குத் தான சாசனமாக ஒப்படைக்க வேண்டுமென்பது விதி. அங்ஙனம் ஒதுக்கிய இடங்களை மீண்டும் ஆக்கிரமித்து, நீதிமன்றம் வரை சென்ற தகராறுகளும் உண்டு. ஆதலின் சாசனம் எழுதுவதோடு காரியம் முடிந்துவிடுவதில்லை. பெற்றவர் காக்கவும் வேண்டும்.

பூதான இயக்கமும் இதனையே கற்பிக்கிறது. 1951 ஏப்ரல் 18-இல் தெலங்கானாவின் போச்சம்பள்ளியில் வினோபா பாவே பெற்ற 100 ஏக்கரில் அது தொடங்கியது. பின்னர் நாடெங்கும் சேர்ந்த நிலங்களில் சாகுபடிக்குதவாதவையும் வில்லங்கமுள்ளவையும் பல இருந்தமையால், பெரும்பகுதி பகிர்ந்தளிக்கப்படாமலே நின்றது.

சாசனத்திற்கு முன் கவனிக்க வேண்டியவை

1. உரிமை: 2006-ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டப்படி பெற்ற நிலவுரிமை வாரிசுகளுக்குச் செல்லும், பிறருக்கு மாற்றத்தக்கதன்று. ஆகவே அதனைத் தானம் செய்ய இயலாது. அரசு ஒப்படை செய்த நிலமாயின் ஒப்படை நிபந்தனைகளைப் படித்தறிதல் வேண்டும். குடும்பப் பொதுச் சொத்தாயின் பங்காளிகள் அனைவரும், அடமானத்திலிருப்பின் கடன் கொடுத்தவரும் சம்மதித்தல் உசிதம்.

2. அளவு: சர்வே எண், உட்பிரிவு, நீள அகலம், எல்லை ஆகியவற்றைக் காட்டும் வரைபடம் சாசனத்தோடு இணைந்திருக்க வேண்டும். ஓடை பெரும்பாலும் சர்க்கார் புறம்போக்காதலின், பட்டா எல்லையை முதலில் அளந்து கல் நடுதல் அவசியம்.

3. ஷரத்துகள்: ஊரார் நடக்கலாமா, கால்நடை ஓட்டலாமா என்பதைத் தெளிவாக வரைதல் வேண்டும். கனி பறித்தல், தீவனம் அறுத்தல், ஏர் கடத்தல் ஆகியவற்றைக் கொடுப்பவர் தமக்கு வைத்துக்கொள்ளலாம். மண் எடுத்தல், மரம் வெட்டுதல், கட்டடம் எழுப்புதல் இருசாராருக்கும் விலக்கப்பட வேண்டும்.

4. பதிவு: 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டப்படி, நிலத்தைத் தானம் செய்யும் சாசனத்தில் இரண்டு சாட்சிகளேனும் கையொப்பமிட்டு, அது பதிவு செய்யப்பட வேண்டும். கொடுப்பவர் உயிரோடிருக்கையிலேயே பெறுபவர் ஏற்றல் வேண்டும். ஊராட்சி தீர்மானம் நிறைவேற்றி ஏற்றலே முறை. ஏற்றபின் கொடுத்தவர் தம் விருப்பப்படி ரத்து செய்ய இயலாது. ஆதலின் ஆலோசித்தே கையொப்பமிடுக.

கரையின் பராமரிப்பு

பட்டையில் நீர்மருது, புங்கம், நாவல், மூங்கில் ஆகியவற்றை நட்டால் வேர்கள் மண்ணைப் பிணிக்கும். வயற்புறத்து விளிம்பில் வெட்டிவேரை நெருக்கமாக வைத்தால், மழைநீரோடு வரும் வண்டல் அங்கேயே தங்கி, மிராசுதாரரின் மேல்மண் அவர் நிலத்திலேயே நிற்கும். கிராம நிர்வாக அலுவலர்கள் இத்தகைய சாசனங்களின் விவரத்தைக் கிராமக் கணக்குகளில் சேர்க்க ஆவன செய்து, ஆண்டுதோறும் மழைக்கு முன் எல்லைக் கற்களைப் பார்வையிட்டு வருவாராயின், இன்று ஒருவர் மனமுவந்து விட்ட வழி அவர் பேரன்மார் காலத்தும் அடைபடாது.