அழுதால் நம்பிக்கை இல்லை என்று ஆகுமா?

கேள்வி: சாமி, படுத்த படுக்கையாக இருந்த அம்மாவைப் பல வருடம் நான்தான் பார்த்துக்கொண்டேன். போன தவக்காலத்தில் தவறிவிட்டார்கள். அடக்கத்தன்று நான் கதறியபோது, “உயிர்ப்பை நம்புகிறவள் இப்படி அழலாமா?” என்று சொந்தக்காரர்களே கேட்டார்கள். கல்லறைத் திருநாளன்று உப்பளம் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ப் பூ வைத்துவிட்டு வந்தேன். வீடு வெறிச்சென்று இருக்கிறது. குளிப்பாட்டியது, ஊட்டியது, ராத்திரியெல்லாம் விழித்திருந்தது எல்லாம் மண்ணோடு போய்விட்டதா? மிச்சம் இந்த இடுப்புவலிதான். ஞாயிற்றுக்கிழமை விசுவாச அறிக்கையில் சொல்கிற உயிர்ப்பைத் திங்கட்கிழமை எப்படி வாழ்வது?

- ஒரு வாசகி, புதுச்சேரி

பதில்: அழுங்கள் அம்மா. இலாசரை எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தேதான் இயேசு அந்தக் கல்லறைக்கு வந்தார். வந்த இடத்தில் அவரே அழுதார். உங்களைக் கண்டித்தவர்கள் யோவான் 11ஆம் அதிகாரத்தை ஒருமுறை நிதானமாகப் படிக்கட்டும்.

நீங்கள் கேட்டதில் என்னை உலுக்கியது, ‘மண்ணோடு போய்விட்டதா’ என்பது. உயிர்ப்பு என்றால் ஆன்மா உடம்பை உதறிவிட்டு மேலே போவது என்றே நம்மில் பலர் நினைத்திருக்கிறோம். திருச்சபை அறிக்கையிடுவது உடலின் உயிர்ப்பை. உயிர்த்த ஆண்டவர் ஆணித் தழும்போடுதான் சீடர்கள் முன் நின்றார். கடற்கரையில் கரிநெருப்பில் மீன் வைத்து, பசியோடு வந்தவர்களைச் சாப்பிடக் கூப்பிட்டார். கடவுள் கைவிடாத அந்த உடம்பைத்தான் நீங்கள் இத்தனை வருடம் துடைத்துவிட்டீர்கள். படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் புரட்டிப் படுக்க வைத்தீர்கள். அது எப்படி வீணாகும்?

கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 15ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 58 வசனங்கள், அத்தனையும் உயிர்ப்பைப் பற்றி. எக்காளம், அழியாத உடல், தோற்றுப்போன சாவு என்று உச்சத்துக்கே போகிற பவுல், ஆண்டவருக்காகப் படுகிற பாடு வீண்போகாது என்று முடிக்கிறார். அடுத்த வரியிலேயே எருசலேமில் இருப்பவர்களுக்காகக் காசு சேர்க்கிற பேச்சு! அதையும் வாரத்தின் முதல் நாளில் எடுத்து வைக்கச் சொல்கிறார். ஆண்டவர் உயிர்த்த நாள் அதுதானே.

3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் கொள்ளைநோய் பரவியபோது ஆயராக இருந்தவர் தியோனீசியு. நோயாளிகளைத் தொட்டுப் பணிவிடை செய்து, இறந்தவர்களின் கண்ணை மூடி, குளிப்பாட்டி, தூக்கிப்போய் அடக்கம் செய்து, அதே நோயில் தாங்களும் மாண்ட கிறிஸ்தவர்களைப் பற்றி அவர் எழுதியிருக்கிறார். எழுதியது ஒரு பாஸ்கா கால மடலில். நீங்கள் செய்ததும் அதே வேலைதான்.

நவம்பர் 2 அன்று உப்பளத்தில் எவ்வளவு அக்கறை! கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்து, செவ்வந்தி மாலை போட்டு, கடற்காற்றில் அணைகிற மெழுகுவத்தியைப் பிள்ளைகள் திரும்பத் திரும்ப ஏற்றுகிறார்கள். அந்தக் கூட்டத்தில் கால்வாசிப் பேராவது, உயிரோடு படுத்திருப்பவர்களின் வீட்டுக்கு வருடத்தில் ஒருநாள் போகமாட்டார்களா என்று என் மனம் ஏங்கும்.

உங்கள் பங்கிலும் அப்படிப்பட்ட வீடுகள் இருக்கும். நோயாளிகளுக்கு நற்கருணை எடுத்துப்போகிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள். அங்கே நோயாளியைவிட்டு நகர முடியாமல் ஒரு மகளோ மருமகளோ இருப்பாள். “நான் பார்த்துக்கொள்கிறேன், நீ திருஇருதய ஆண்டவர் கோவிலுக்குப் போய்ப் பூசை கண்டுவிட்டு வா” என்று சொல்லுங்கள். அந்த இரண்டு மணி நேரத்தின் அருமை உங்களுக்குத் தெரிந்த அளவு பிரசங்கம் வைக்கிற எங்களுக்குத் தெரியாது. அம்மாவின் வாட்டர் பெட்டும் சக்கர நாற்காலியும் பரணில் கிடந்தால், அவையும் அங்கே போகட்டும்.

இதெல்லாம் இப்போதே வேண்டாம். மனம் கொஞ்சம் ஆறட்டும், நன்றாகத் தூங்குங்கள். உங்கள் உடம்பும் உயிர்ப்புக்குரியதுதான். இடுப்புவலியைத் தள்ளிப்போடாமல் இந்த வாரமே ஜிப்மரிலோ பக்கத்து டாக்டரிடமோ காட்டுங்கள்.