இடக்கால் பழகுமா?

தென்கொல்கத்தாவில் ரவீந்திர சரோவர் ஏரிக்குத் தெற்கே, இரயில் பாதையைக் கடந்தால் லேக் கார்டன்ஸ் பகுதி தொடங்குகிறது. ஏரியை ஒட்டிய விளையாட்டரங்கில் 2016ஆம் ஆண்டு இந்தியன் சூப்பர் லீக் ஆட்டங்கள் நடைபெற்றன. மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் என்னும் பெயர்களைக் கேட்டாலே இரு கட்சியாகப் பிரியும் நகரம் இது.

கால்பந்து ஆர்வலர்கள் கூடினால் ஒரு கேள்வி எழுவதுண்டு. பத்தொன்பது வயது இளைஞர் ஒருவர் கழகத்தில் சேர்ந்து ஊதியம் பெறத் தொடங்குகிறார். வலக்காலால் நன்கு உதைக்கிறார்; இடக்காலோ அவருக்கு வசப்படவில்லை. அவருடைய ஒப்பந்தம் ஓராண்டுக்கு மட்டுமே. அதற்குள் அந்தக் குறை நீங்குமா?

நீங்காது என்போர் கூறும் காரணம் எளிதில் தள்ளத்தக்கதன்று. சிறுவயது முதல் பல்லாயிரம் முறை உதைத்துப் பழகிய கால் அது. ஆட்டத்தின் நெருக்கடியில் எண்ணிப் பார்க்க நேரமிராது. உடல் பழகிய வழியிலேயே செல்லும். போட்டிகள் நடைபெறும் மாதங்களில் கழகப் பயிற்சியும் பெரும்பாலும் அடுத்த ஆட்டத்திற்கு அணியை ஆயத்தப்படுத்துவதிலேயே கழிகிறது.

ஆயினும், பள்ளி ஆசிரியராக இருந்து பயிற்சியாளரான ஐதராபாத் சையது அப்துல் ரகீம் இதற்கு ஒரு வழி கண்டார். அவர் பயிற்றுவித்த ஐதராபாத் நகரக் காவல்துறை அணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை ரோவர்ஸ் கோப்பையை வென்றது. வலுக்குறைந்த காலால் மட்டுமே ஆட வேண்டும் என்னும் விதியோடு அவர் போட்டிகள் நடத்தினார். பந்தைத் தாமே கடத்திச் செல்லாமல் பிறருக்குத் தந்து ஆட வேண்டிய போட்டிகளும் இருந்தன.

இம்முறையின் நுட்பம் கவனிக்கத்தக்கது. சுவரை நோக்கி இடக்காலால் நூறு முறை உதைப்பதும் பயிற்சிதான். ஆனால் சுவர் ஓடிவந்து பந்தைப் பறிப்பதில்லை. போட்டியில் எதிரணியினர் நெருங்கி வருவர். வலக்காலை நாடவோ விதி இடந்தராது. எனவே எந்த நெருக்கடியில் கால் தடுமாறுமோ, அந்த நெருக்கடியிலேயே அது பழகுகிறது.

வளர்ந்தோரும் கால் பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டிய நிலை இந்தியக் கால்பந்தில் ஒருமுறை வந்தது. 1948 இலண்டன் ஒலிம்பிக்கில் இந்திய வீரர்களுள் பலர் வெறுங்காலுடன் ஆடினர். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யுகோஸ்லாவியாவிடம் 10–1 என்னும் கணக்கில் இந்தியா தோற்றது. அதன்பின் காலணி கட்டாயமாயிற்று. விரல்நுனியால் பந்தை உணர்ந்து பழகியவர்கள், பந்தை நிறுத்துவதையும் திருப்புவதையும் புதிதாகக் கற்க நேர்ந்தது. ரகீமின் பயிற்சியில் 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா நான்காம் இடம் பெற்றது. 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றது. இவ்வணிகளில் புதிய வீரர்களும் இருந்தனர் என்பதால், முழுப்பெருமையையும் மறுபயிற்சிக்கே அளித்தல் பொருந்தாது.

பத்தொன்பது வயதில் பழகும் இடக்கால், வலக்காலுக்கு நிகராகும் என எதிர்பார்ப்பது மிகை. அவ்வளவு தேவையும் இல்லை. இடப்புறம் ஒதுக்கினாலே இவர் செயலற்றுப்போவார் என்று எதிரணித் தடுப்பாட்டக்காரர் நம்பிக்கொண்டிருப்பார். அப்போது இடக்காலால் பத்து மீட்டர் தொலைவுக்குப் பந்தைப் பிழையின்றித் தந்துவிட்டாலே அந்தக் கணக்குப் பொய்த்துவிடும்.

சொற்பொருள்
வசப்படுதல் – கட்டுக்குள் வருதல்
ஆயத்தம் – முன்னேற்பாடு
நிகர் – சமம்
மிகை – அளவுக்கு மேற்பட்டது

பயிற்சி
1. சுவரை நோக்கி உதைக்கும் பயிற்சியும் ரகீமின் போட்டியும் எவ்வாறு வேறுபடுகின்றன?
2. 1952ஆம் ஆண்டிற்குப் பின் இந்திய வீரர்கள் எவற்றைப் புதிதாகக் கற்க நேர்ந்தது?
3. நும் வீட்டில் பெரியவர் ஒருவர் வளர்ந்தபின் வங்காளமொழி கற்றிருந்தால், அவரிடம் உரையாடி ஐந்து தொடர்கள் எழுதுக.