தலைக்காவிரிக்கு ஒரு பயணத் திட்டம்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

எங்கள் குடும்பத்தில் மலையேறியவர்கள் உண்டு. மலையைப் பார்ப்பதற்கென்று போனவர்கள் இல்லை. பழனிக்குப் போனதும் திருப்பதிக்குப் போனதும் வேண்டுதலுக்காக. சுற்றுலா என்ற சொல்லே நான் கல்லூரியில் சேர்ந்த பிறகுதான் எங்கள் வீட்டுக்குள் வந்தது. சென்ற ஆண்டு துறைச் சுற்றுலாவுக்கு என்னால் பணம் கட்ட இயலவில்லை. வருத்தம் இருந்தது என்பதை மறைப்பானேன்? அந்த வருத்தத்தில்தான், நாமே திட்டமிட்டு ஓரிடம் போனால் என்ன என்ற எண்ணம் பிறந்தது. எங்கே போவது என்பதில் ஐயமே எழவில்லை. ஆறு மா குத்தகை நிலத்தில் இருபத்தைந்து ஆண்டுகளாகக் காவிரி நீரைப் பாய்ச்சிவரும் என் தந்தையார், அந்த நீர் புறப்படும் இடத்தைப் பார்த்ததில்லை. அவரையும் அழைத்துக்கொண்டு குடகு மலைக்குச் செல்வதென முடிவு செய்தேன்.

வழியைக் கண்டுபிடிப்பது எளிதாகவே இருந்தது. மயிலாடுதுறை வழியாக வரும் மைசூரு விரைவு வண்டியில் மாலையில் தஞ்சையில் ஏறினால் மறுநாள் காலை மைசூரில் இறங்கலாம். திருச்சி, கரூர், ஈரோடு வரை இருப்புப்பாதை ஆற்றுக்கு அணுக்கமாகவே செல்கிறது; இரவாதலால் பார்க்கத்தான் முடியாது. குடகு மாவட்டத்தில் இரயில் பாதையே இல்லை. மைசூரிலிருந்து மடிக்கேரிக்கு ஏறத்தாழ 120 கிலோமீட்டர் பேருந்தில் செல்லவேண்டும். மடிக்கேரியில் தங்கி, மறுநாள் பாகமண்டலம் சென்று, அங்கிருந்து இன்னும் 8 கிலோமீட்டர் மேலேறினால் தலைக்காவிரி.

எப்போது போவது என்பதில்தான் சிக்கல் தொடங்கியது. நண்பர்களே, நெல் விளைவிக்கும் வீட்டில் விடுமுறையைத் தீர்மானிப்பது கல்லூரி நாட்காட்டி அன்று, மேட்டூர் அணையே. ஜூன் 12 அணை திறக்கும் நாள். மூன்று நான்கு நாட்களில் நீர் கல்லணைக்கு வந்துவிடும். பிறகு குறுவை வேலை. அதே ஜூனில்தான் குடகில் தென்மேற்குப் பருவமழை பிடிக்கிறது. மலை மிக அழகாக இருக்கும் மாதங்கள் அவையே என்கிறார்கள். ஆனால் அபாயமானவையும் அவையே. 2018 ஆகஸ்டில் குடகில் ஏற்பட்ட நிலச்சரிவுகளில் வீடிழந்தோர் பலர். 2020 ஆகஸ்டில் தலைக்காவிரியை ஒட்டிய பிரம்மகிரிச் சரிவே பெயர்ந்து விழுந்து, கோயில் அர்ச்சகர் குடும்பத்தாரைப் புதைத்தது. நம் வயலுக்கு நீராக வரும் மழை அங்கே அவ்வளவு கடுமையாகப் பெய்கிறது என்பதை நான் அதுவரை எண்ணிப் பார்த்ததில்லை.

ஐப்பசி முதல் நாள், அதாவது அக்டோபர் நடுவில், தலைக்காவிரி ஊற்று பொங்குவதைக் காணப் பெருங்கூட்டம் கூடும். அந்த மாதம்தான் மயிலாடுதுறையில் துலா நீராடல். தந்தையாருக்கும் அந்நாளில் செல்ல ஆசை. ஆனால் அது சம்பாப் பயிரோடு வடகிழக்கு மழையும் சேரும் காலம்; வடிகாலைக் கவனிக்க ஆள் வேண்டும். தையில் அறுவடை. பங்குனியில் உளுந்து எடுப்பு. ஏப்ரலில் எனக்குத் தேர்வு. கழித்துக்கொண்டே வந்தால் எஞ்சியது மே மாதம் ஒன்றே.

மே மாதத்திலும் ஓர் இடர் உண்டு. 2022இல் மேட்டூர் அணையை மே 24 அன்றே திறந்துவிட்டார்கள். 2024இலோ ஜூலை இறுதிவரை திறக்கவில்லை. ஆகவே மே இரண்டாம் வாரத்தைத் தாண்டக்கூடாது என்று வைத்துக்கொண்டேன். கோடையில் தலைக்காவிரியில் ஓடும் ஆற்றைப் பார்க்க முடியாது. சிறு குண்டிகையும் அதன்முன் ஒரு குளமுமே காட்சி. இதைத் தந்தையாரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன், ஏமாறக்கூடாதல்லவா!

படிக்கும் இயற்பியலைச் சற்றுப் பயன்படுத்திக்கொண்டேன். தஞ்சை கடல்மட்டத்திலிருந்து 60 மீட்டர் அளவே உயரம். தலைக்காவிரி 1,276 மீட்டர். ஆயிரம் மீட்டருக்கு ஏறத்தாழ 6.5 டிகிரி வெப்பம் குறையும் என்ற கணக்கில் நம்மூரைவிட 8 டிகிரி தணிந்திருக்கும். ஆகவே கம்பளி உடை வாங்கும் செலவு வேண்டாம். ஆளுக்கொரு போர்வை போதும். காற்றழுத்தம் ஏழில் ஒரு பங்கு குறைவதால் தண்ணீர் 96 டிகிரிக்கு முன்னரே கொதித்துவிடும், சோறு வேகத் தாமதமாகும் என்று தந்தையாரிடம் விளக்கினேன். "அப்ப அரிசியைக் கூடக் கொஞ்ச நேரம் ஊறப்போடச் சொல்லு தம்பி" என்றார். எங்கள் துறையில் இதைவிடச் சுருக்கமாக யாரும் விடையளித்ததில்லை!

செலவு தலைக்கு 3,000 ரூபாய்க்குள் அடங்கவேண்டும். முதல் நாளுக்குப் புளிச்சோறு கையில். என் பங்கு, மாலை நேரங்களில் நகலகத்தில் வேலை செய்து சேர்த்த பணம். அவர் பங்கு உளுந்திலிருந்து. உளுந்து விலை போகாவிட்டால் என்ன செய்வது என்பதற்கு என் திட்டத்தில் இடமில்லை. அந்தப் பக்கத்தை வெறுமையாகவே விட்டிருக்கிறேன்.

தந்தையாரை இசைய வைத்தது ஊற்றன்று, நெல். குடகின் பள்ளத்தாக்குகளிலும் நெல் விளைகிறது; புது நெல்லை வீட்டுக்குக் கொணரும் திருநாளை அவர்கள் புத்தரி என்கிறார்கள் என்று சொன்னேன். சற்று நேரம் பேசாமலிருந்தார். "மலையில தண்ணியை எப்படிய்யா நிறுத்துறாங்க?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. "அதைப் பாத்துட்டு வரலாம். ஆனா வைகாசி பொறக்கையில நான் வயல்ல நிக்கணும்" என்றார்.

இரயிலில் 60 நாட்களுக்கு முன்பே இடம் பதிவு செய்யலாம். இரண்டு சீட்டு, அவருக்குக் கீழ்ப்படுக்கை.