ஓட்டியது யார்?

கேள்வி: 1998-இல் வெளிவந்த ‘ரோனின்’ என்ற உளவுப் படத்தில் ராபர்ட் டி நீரோ பாரிஸ் நகரச் சாலைகளில் கார் ஓட்டும்போது அவரே ஓட்டுவதாகத்தான் தெரிகிறது. உண்மையில் ஓட்டியவர் யார்? தந்திரக் காட்சிகள் இல்லாமல் அசலாகவே காரை விரட்டிப் படம் பிடிக்கும் வழக்கம் எங்கிருந்து வந்தது?

பதில்: டி நீரோ அந்தக் காரில் இருந்தது மெய், கார் மணிக்கு 160 கிலோமீட்டர் வரை வேகம் பிடித்ததும் மெய், ஓட்டியவர் மட்டும் வேறொருவர். நம் தேசத்துக் கார்களில் ஸ்டியரிங் வலப்புறத்திலும் பிரான்ஸில் இடப்புறத்திலும் இருப்பது தாங்கள் அறிந்ததே. டைரக்டர் ஜான் ஃப்ராங்கன்ஹைமர் இந்த வித்தியாசத்தையே தமக்குச் சாதகமாக்கிக்கொண்டு, நம்முடையவற்றைப் போல் வலப்புறம் ஸ்டியரிங் உள்ள கார்களைத் தருவித்து, இடப்புறத்தில் எதனோடும் சம்பந்தமில்லாத பொய் ஸ்டியரிங் ஒன்றைப் பொருத்தி, அதன் முன்னே நடிகரை அமர்த்திவிட்டு, காமிராவின் பார்வைக்குத் தப்பிய மறுபக்கத்து ஆசனத்தில் தேர்ந்த ஓட்டுநரை உட்கார வைத்தார். அப்படி ஓட்டியவர்களுள் ஃபார்முலா ஒன் பந்தயங்களில் பெயர் பெற்ற ழான்-பியேர் ஜாரியேயும் ஒருவர். ஆடி காரின் சாரதியாக வரும் ஸ்கிப் சடத் என்ற நடிகர் மட்டும் பெரும்பாலான இடங்களில் தாமே ஓட்டினார்.

தம் கையிலுள்ள சக்கரத்துக்கு ஒரு சக்தியும் இல்லை என்பதை அறிந்தே, அதைப் பக்கத்து ஆசனக்காரரின் போக்குக்கு ஒத்துத் திருப்பிக்கொண்டு, எதிர்த் திசையில் வரும் வாகனங்களுக்கு நடுவே பிறருடைய சாமர்த்தியத்தை நம்பிப் பாய்ந்து செல்லும் மனிதருடைய முகத்தில் தோன்றும் கலவரத்துக்கு எந்த ஒப்பனையும் வேண்டியதில்லை. அந்தப் படத்தில் நான் மிகவும் ரசிப்பது நொறுங்கும் வண்டிகளை அல்ல, இந்த முகங்களைத்தான்.

இனி, வழக்கத்தின் பூர்வோத்தரம். துரத்தல் சினிமாவின் குழந்தைப் பருவத்திலேயே வந்து சேர்ந்துவிட்ட சரக்கு. மாக் சென்னட் 1912-இல் தொடங்கிய கீஸ்டோன் கம்பெனியின் ஹாஸ்யப் படங்களில் போலீஸ்காரர்கள் வண்டி வண்டியாக விழுந்தடித்துக்கொண்டு ஓடினார்கள். கையால் சுற்றும் காமிராவைச் சற்று மெதுவாகச் சுற்றிப் படம் பிடித்தால், திரையிடும்போது சாதாரண ஓட்டமும் அசுர வேகமாகிவிடும். பேசும் படம் வந்த பிறகு, பெரிய ஸ்டுடியோக்கள் வெயிலுக்கும் சப்தத்துக்கும் பயந்து உள்ளே ஒதுங்கி, அசையாத காரில் நடிகரை உட்கார்த்தி, அவர் முதுகுக்குப் பின்னே ஒரு திரையில் சாலையை ஓடவிடும் முறையைக் கைக்கொண்டன. அம்முறையில் எடுத்த காட்சிகளைக் கவனித்தவர்கள் ஒரு வேடிக்கையைக் கண்டிருப்பார்கள்: சாலை நேராகப் போய்க்கொண்டே இருக்கும், கதாநாயகரோ ஸ்டியரிங்கை ஓயாமல் இடமும் வலமும் ஆட்டிக்கொண்டிருப்பார். ஜேம்ஸ் பாண்டின் முதல் படமான ‘டாக்டர் நோ’ (1962) கூட ஜமைக்காவின் மலைப்பாதைத் துரத்தலில் பாண்டின் முகத்தைக் காட்டும் இடங்களுக்கு இந்தத் திரையைத்தான் நம்பியது. ஆகவே, ‘ரோனின்’ உளவுப் படங்களின் ஜாதியைச் சேர்ந்ததாயினும், அதன் துரத்தல்களுக்கு மூலத்தை அந்த வம்சத்தில் தேடுவது வீண் என்பது என் அபிப்பிராயம்.

மூலம், இதே ஃப்ராங்கன்ஹைமர் 1966-இல் எடுத்த ‘கிராண்ட் பிரீ’ என்ற மோட்டார் பந்தயப் படத்தில் இருக்கிறது. 70 மில்லிமீட்டர் அகலப் படச்சுருளில் எடுக்கப்பட்ட அந்தப் படத்துக்காகக் காமிராக்களைப் பந்தயக் கார்களின் மீதே பூட்டி, தூரத்திலிருந்து இயக்கும் வசதியும் செய்து, மொனாக்கோ முதலிய மெய்யான பந்தய மைதானங்களில் அவற்றை ஓடவிட்டார்கள். உலக சாம்பியனாக இருந்த ஃபில் ஹில் காமிரா பூட்டிய காரை ஓட்டினார். கதாநாயகர் ஜேம்ஸ் கார்னர் பயிற்சி பெற்றுத் தாமே ஓட்டினார். தரைக்கு அங்குலக் கணக்கில் நெருங்கிப் பறக்கும் அந்தப் பார்வை, அதற்கு முன் கொட்டகையில் உட்கார்ந்திருந்த எவருக்கும் கிட்டாத அனுபவம். முப்பத்திரண்டு வருஷங்களுக்குப் பிறகு நீஸ் நகரத்துச் சந்துகளிலும் பாரிஸின் சுரங்கச் சாலைகளிலும் அதே மனிதர் அதே பாடத்தைத்தான் வேறு வண்டிகளைக்கொண்டு ஒப்பித்தார். இத்தகைய காட்சிகளைத் துணை டைரக்டர்களின் தனிக் குழுவிடம் விட்டுவிடுவது ஹாலிவுட்டின் சம்பிரதாயம். அவரோ தாமே கூட இருந்து எடுத்தார்.

இடையில் இரண்டு படங்களைச் சொல்லாமல் விட முடியாது. பீட்டர் யேட்ஸின் ‘புல்லிட்’ (1968) சான் பிரான்ஸிஸ்கோவின் ஏற்ற இறக்கங்களில் ஸ்டீவ் மக்வீனின் முஸ்டாங் காரையும் பில் ஹிக்மன் ஓட்டிய டாட்ஜ் சார்ஜரையும் ஏறக்குறைய பதினோரு நிமிஷம் ஓடவிட்டது. துரத்தல் உக்கிரமடையும் தருணத்தில் சங்கீதத்தை நிறுத்திவிட்டு இஞ்சின்களைப் பேசவிட்டது அதில் எனக்குப் பெரிய விசேஷமாகப் படுகிறது. ஒரே இறக்கத்தைப் பல காமிராக்கள் பிடித்ததால் பச்சை நிற வோக்ஸ்வாகன் ஒன்று திரும்பத் திரும்ப வந்து வழிவிடுகிறது. நான்கு சக்கரமுள்ள சார்ஜரிலிருந்து நான்குக்கு மேற்பட்ட வீல் கப்புகள் கழன்று விழுகின்றன! ஆயினும் படத்தொகுப்புக்கு ஆஸ்கார் கிடைத்தது, அது தகுந்ததே. அதே தயாரிப்பாளர் ஃபிலிப் டி’அன்டோனியும் அதே ஹிக்மனும் வில்லியம் ஃப்ரீட்கினுடன் சேர்ந்து எடுத்த ‘தி ஃபிரெஞ்ச் கனெக்‌ஷன்’ (1971) புரூக்ளினில் மேம்பால ரயிலின் அடியே காரை விரட்டியது. அதன் சில பகுதிகளை அனுமதியின்றி, ஊரார் வண்டிகள் போய்வரும் சாலையிலேயே எடுத்தார்கள். அதைச் சாகசம் என்று கொண்டாட எனக்கு மனம் வரவில்லை. ‘ரோனி’னில் எதிரே வரும் வண்டிகளையும் பயின்ற ஸ்டண்ட் ஓட்டுநர்களே ஓட்டினார்கள்.

கேள்வி: ‘ரோனி’னில் எல்லோரும் உயிரைக் கொடுத்துத் தேடும் அந்தப் பெட்டிக்குள் என்னதான் இருந்தது?

பதில்: படம் கடைசிவரை சொல்லவில்லை, சொல்லும் உத்தேசமும் அதற்கு இல்லை. பாத்திரங்களுக்குப் பிராணனாகவும் ரசிகருக்கு அற்பமாகவும் இருக்கும் இத்தகைய வஸ்துவுக்கு ‘மக்கஃபின்’ என்ற பெயரைப் பிரசித்தமாக்கியவர் ஆல்ஃப்ரெட் ஹிட்ச்காக். பெட்டியைத் திறந்து காட்டியிருந்தால் நாம் நிச்சயம் ஏமாந்திருப்போம்.

கேள்வி: ‘ரோனி’னில் வரும் பழைய மெர்ஸிடிஸ் காருக்குத் தனிச் சரித்திரம் உண்டா?

பதில்: படத்தில் வரும் வண்டிக்கு இல்லை, அதன் வகைக்கு உண்டு. அது 450 எஸ்.இ.எல். 6.9 என்ற மாடல். பார்வைக்குப் பெரிய மனிதரின் வாகனம், இஞ்சினோ 6.9 லிட்டர் கொள்ளளவுள்ளது. 1976-இல் கிளாட் லெலூஷ் என்ற பிரெஞ்சு டைரக்டர் இதே மாடல் காரின் முன்புறத்தில் காமிராவைக் கட்டி, விடியற்காலைப் பாரிஸில் சிவப்பு விளக்குகளையெல்லாம் மீறி மோன்மார்த்ர் குன்றின் சாக்ரே கேர் தேவாலயம்வரை தாமே ஓட்டிச் சென்று, வெட்டு ஒட்டு ஏதுமின்றி எட்டு நிமிஷத்துக்குச் சற்று அதிகமாக ஓடும் குறும்படமொன்றை எடுத்தார். வேகத்தில் கலப்படம் இல்லை என்று பெயர் பெற்ற அந்தப் படத்தில் கியர் மாறும்போதெல்லாம் நாம் கேட்டுப் புல்லரிக்கும் உறுமல் மட்டும் மெர்ஸிடிஸினுடையது அல்ல. அதைப் பின்னால் ஒரு ஃபெராரி காரிலிருந்து பதிவு செய்து சேர்த்தார்கள்.