குற்றாலத்து ஈரம் குடித்த வேனுக்குப் புதுத் தளம்

சாரல் காலத்தில் ஐந்தருவியில் குளித்துவிட்டு வருகிறவர்கள் முழுசாகத் துவட்டிக்கொண்டு வேன் ஏறுவது அபூர்வம். சொட்டச் சொட்ட வரும் பிள்ளைகள், எண்ணெய் தேய்த்த கால்கள், பிழியாத துண்டுகள் எல்லாவற்றின் ஈரமும் கீழேதான் வடிகிறது. தென்காசி வட்டாரத்தில் பழைய குடும்ப வேன்களின் தளம் சீக்கிரம் கெட்டுப்போவதற்கு இதுவே பெரிய காரணம். பாய், தலையணை, அடுப்பு, கட்டுச்சோறு என்று வீட்டையே ஏற்றிக்கொண்டு போகும் ஆம்னிக்கும் டெம்போ டிராவலருக்கும் மேலே மேட், நடுவில் பிளைவுட், அடியில் தகரம். வடிந்த தண்ணீர் வெளியேற வழியில்லாமல் நடுவிலேயே தங்கிவிடுகிறது. மர வேலையில் பாதியை வீட்டாரே சேர்ந்து செய்யலாம். எதைச் செய்யலாம், எதைத் தொடக் கூடாது என்று தெரிந்திருந்தால் போதும்.

1. மாசி, பங்குனியில் தொடங்குங்கள். அருவியில் தண்ணீர் குறைந்து, வேனுக்கும் ஓய்வு கிடைக்கும் காலம் அது. ஆனி பிறந்து ஆரியங்காவுக் கணவாய் வழியே காற்றும் தூறலும் வந்துவிட்டால், பெயின்ட் மேலே காய்ந்தாற்போல் தெரியும்; அடியில் ஈரம் அடைபட்டுத் துரு வளரும். சித்திரைக்குள் வேலையை முடித்துவிடுவது நல்லது.

2. தளத்தைப் பிரிப்பதற்கு முன், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். கதவுகளை மூடி, ஒருவர் டார்ச்சுடன் உள்ளே உட்கார, இன்னொருவர் ஹோஸ் பைப்பால் கூரையிலிருந்து கீழ்நோக்கி மெதுவாக நனைக்கட்டும். முன்கண்ணாடி ரப்பர், கதவு பீடிங், கேரியர் போல்ட் துளைகள் ஆகிய மூன்றையும் தனித்தனியாகச் சோதியுங்கள். பிள்ளைகள் ஆசையாகச் செய்யும் வேலை இது. கூர்மையான கண்ணும் அவர்களுக்குத்தான். ஒழுகல் நிற்காமல் புதுப் பலகை போடுவது பணத்தைத் தண்ணீரில் போடுவதுதான்.

3. கழற்றும் ஒவ்வொரு கட்டத்தையும் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். போல்ட், வாஷர்களைப் பழைய டப்பாக்களில் போட்டு, எந்த இடத்தினது என்று எழுதி ஒட்டுங்கள். இற்றுப்போன பலகையை உடனே விறகாக்கிவிடாதீர்கள். சக்கர மேடு, கதவுப் படி ஆகிய வளைவுகளுக்கு அதுவே அளவு. பொடிந்துபோயிருந்தால் அட்டைப்பெட்டியைப் பிரித்து அச்சு வெட்டுங்கள். பெரியவர்கள் யாராவது நாற்காலியில் உட்கார்ந்தபடியே இந்த டப்பாக் கணக்கைப் பார்த்துக்கொள்ளலாம்.

4. தகரத்தை ஸ்குரூ டிரைவர் முனையால் அழுத்திப் பாருங்கள். மேல்துரு மட்டும் உதிர்ந்தால் வீட்டு வேலை. முனை உள்ளே இறங்கினாலோ, அடியில் குறுக்கே போகும் சட்டத்தில் அடுக்கடுக்காகத் துரு உரிந்தாலோ அது பட்டறை வேலை. "சட்டம் தாங்குமா அண்ணாச்சி?" என்று பட்டறையில் நேராகவே கேளுங்கள். அது தாங்காத வண்டிக்குப் புதுத் தளம் போட்டுப் பிள்ளைகளை ஏற்றுவது ஆபத்து.

வெல்டிங்கை வீட்டு வாசலில் வைத்துக்கொள்ளவே வேண்டாம். தளத்துக்கு அடியில்தான் எரிபொருள் குழாயும் பிரேக் குழாயும் ஓடுகின்றன. பேட்டரி இணைப்பைக் கழற்றி, டேங்க்கையும் குழாய்களையும் அப்புறப்படுத்தித்தான் பற்றவைக்க வேண்டும். கேஸ் கிட் பொருத்திய வண்டியாக இருந்தால் அதை முன்கூட்டியே பட்டறையில் சொல்லிவிடுங்கள்.

5. எண்ணெய்ப் பிசுக்கைப் போக்குங்கள். மற்ற ஊர் வண்டிகளுக்கு இவ்வளவு அழுத்திச் சொல்லத் தேவையில்லை; குற்றாலம் போய்வரும் வண்டிக்குக் கட்டாயம். எண்ணெய் படிந்த தகரத்தில் பிரைமர் பிடிக்காது, பட்டை பட்டையாக உரியும். வெந்நீரும் சோப்புத் தூளும் விட்டு இரண்டு தடவை தேய்த்துக் கழுவி, நன்றாகக் காய்ந்ததும் தின்னர் நனைத்த துணியால் துடையுங்கள். தின்னர் இருக்கும் இடத்தில் அடுப்போ பீடி, சிகரெட்டோ கூடாது. கதவுகள் எல்லாம் திறந்திருக்கட்டும்.

6. துருவைக் கம்பி பிரஷ்ஷாலும் எமரித் தாளாலும் தேய்த்து எடுங்கள். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம் என்பதால் உலர்ந்த தூள் பறக்கவிடாமல் தண்ணீர் தொட்டுத் தேய்ப்பது நல்லது. முகக்கவசமும் கண்ணாடியும் வேண்டும். சின்னப் பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கம் வர வேண்டாம். தேய்த்து உலர்ந்த அன்றே ரெட் ஆக்சைடு பிரைமர் பூசிவிடுங்கள். இரவு முழுக்கத் திறந்து கிடந்தால் பனி ஈரத்தில் மறுபடி துருப் பிடிக்கும்.

7. வடிகால் துளைகளைத் திறந்துவிடுங்கள். கதவின் கீழ் விளிம்பிலும் தளத்தின் பள்ளங்களிலும் கம்பெனியே துளைகள் விட்டிருக்கும். மண்ணும் பழைய பெயின்ட்டும் அவற்றை அடைத்திருக்கும். குச்சியால் குத்திச் சுத்தம் செய்து, துளையின் ஓரத்துக்கும் பிரைமர் தொட்டுவையுங்கள். ரப்பர் மூடி போட்டிருக்கும் துளைகளை மட்டும் மறக்காமல் மூடிவிடுங்கள். சாலைத் தண்ணீர் மேலே ஏறாமல் தடுப்பவை அவை. குற்றாலம் போகிற வண்டிக்குள் தண்ணீர் வராமல் தடுக்க யாராலும் முடியாது. அது வெளியே போக வழி இருந்தால் தகரமும் பலகையும் பிழைக்கும். என்னைக் கேட்டால், விலையுயர்ந்த பலகையைவிட இந்தத் துளைகளுக்குத்தான் முதல் கவனம் தருவேன்.

8. பிளைவுட் வாங்கும்போது பலகை மேல் அச்சிட்ட எண்ணைப் பாருங்கள். ஐ.எஸ். 303 பொது உபயோகத்துக்கு, ஐ.எஸ். 710 என்பது மரைன் பிளைவுட். பின்னதன் ஒட்டு 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தும் விடாமல் இருக்க வேண்டும் என்பது சோதனை விதி. விலை கூடுதல்தான், ஆனால் இந்த வண்டிக்கு அதுதான் சரி. 8 அடிக்கு 4 அடிப் பலகை 12 மி.மீ. தடிமனில் ஏறத்தாழ 25 கிலோ, 18 மி.மீ. என்றால் 35 கிலோவைத் தாண்டும். பழைய பலகையின் தடிமனையே வைத்துக்கொள்ளுங்கள். தடிமன் மாறினால் சீட் போல்ட்டின் நீளம் பொருந்தாது, எடையும் ஏறும்.

9. பிளைவுட் தண்ணீர் குடிப்பது பெரும்பாலும் ஓரத்தின் வழியாகத்தான். ஆகவே வெட்டுவது, துளையிடுவது எல்லாவற்றையும் முடித்த பிறகே பெயின்ட் பூச்சு. அடிப்பக்கம், ஓரங்கள், துளையின் உள்சுவர் ஒன்றும் விடாமல் பூசுங்கள். முதல் பூச்சில் கொஞ்சம் தின்னர் சேர்த்தால் மரத்துக்குள் நன்றாக இறங்கும். ஓரத்துக்கு மட்டும் மூன்று பூச்சு.

10. பலகைக்கும் தகரத்துக்கும் இடையில் கோணி, ஸ்பாஞ்ச், பழைய கம்பளம் எதுவும் வேண்டாம். சத்தம் குறையும் என்று போடுவார்கள். சீசன் முழுக்க ஈரத்தைப் பிடித்துவைத்திருக்கும். தகரத்தைத் தொடும் இடங்களில் ரப்பர் பட்டை போதும்.

11. சீட்டும் சீட் பெல்ட்டும் பலகையை மட்டும் பிடித்து நிற்கக் கூடாது. வண்டியின் இரும்பில் கம்பெனி விட்ட அதே துளைகளில் முடுக்க வேண்டும். அந்த முடுக்கலைப் பட்டறையில் சரிபார்த்துவிடுங்கள். தளத்தை இருந்தபடியே புதுப்பிப்பது பழுதுபார்ப்புதான். ஆனால் சீட்டை எடுத்துவிட்டுக் கட்டில் போடுவது, சீட் எண்ணிக்கையை மாற்றுவது எல்லாம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுக்குள் வரும், முன்கூட்டியே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். 15 ஆண்டு முடிந்த சொந்த வண்டியின் பதிவைப் புதுப்பிக்கும்போதும் வண்டியைச் சோதிப்பார்கள்.

12. மேட்டை முழுக்க ஒட்டிவிடாமல் ஓரத்தில் அலுமினிய பீடிங் வைத்து ஸ்குரூ போடுங்கள், கழற்ற வசதி. ஐப்பசி மழை தொடங்குவதற்குள் ஒரு வெயில் நாளில் மேட்டைத் தூக்கி, கதவுகளைத் திறந்து, நாள் முழுக்கக் காயவிடுங்கள். அப்போதே வடிகால் துளைகளில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றி, கீழே சொட்டுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.