எண்ணெயோடு எண்ணெய், தண்ணீரோடு தண்ணீர்: டெல்டா வீடுகளுக்கு 10 குறிப்புகள்

தண்ணீர் மூலக்கூறு முனைவுள்ளது. அதன் ஆக்சிஜன் பக்கம் சற்றே எதிர்மின்னூட்டமும், ஹைட்ரஜன் பக்கம் நேர்மின்னூட்டமும் இருக்கும். உப்பு, வெல்லம், புளி எல்லாம் தண்ணீர்க் கட்சி. நல்லெண்ணெயும் நெய்யும் முனைவற்றவை. மஞ்சளின் நிறம், மிளகாயின் காரம், விளக்கின் பிசுக்கு ஆகியவை எண்ணெய்க் கட்சி. ஒரு கட்சிப் பொருள் தன் கட்சியில்தான் நன்றாகக் கரையும்; எனவே எது எந்தக் கட்சி என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை மிச்சம்.

1. வத்தக்குழம்பு: மிளகாயின் சிவப்பும் பெருங்காய மணமும் எண்ணெயில்தான் நன்றாக இறங்கும். குழம்புப் பொடியை அப்படியே புளிக்கரைசலில் கொட்டாமல், தீயைக் குறைத்து நல்லெண்ணெயில் ஒரு புரட்டுப் புரட்டிவிட்டுப் புளியை ஊற்றுங்கள். உப்பு எண்ணெயில் கரையாது; அதைப் புளித்தண்ணீரில் போடுங்கள்.

2. சர்க்கரைப் பொங்கல்: வெல்லம் நெய்யில் கரையாது. கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, கொதிக்கவிட்டு, குழைந்த பச்சரிசியில் சேருங்கள். நெய்யைக் கடைசியில் ஊற்றுங்கள்.

3. மஞ்சள் கறை: வேட்டியில் குழம்பு சிந்தினால் வெறும் தண்ணீரில் அலசிப் பயனில்லை. மஞ்சளின் நிறப்பொருளான குர்குமின் தண்ணீரில் கரையவே கரையாது எனலாம். பாத்திரம் துலக்கும் திரவத்தைத் தடவி ஊறவைத்து அலசுங்கள். சோப்பு பட்டதும் கறை சிவந்தால் பயம் வேண்டாம், அது காரத்தன்மையால் வரும் நிறமாற்றம்தான். மீதி நிறத்தை வெயில் போக்கிவிடும்.

4. மிளகாய் எரிச்சல்: மோர்மிளகாய்க்குக் கீறிய கையைத் தண்ணீரில் கழுவினால் எரிச்சல் அடங்காது. தேங்காய் எண்ணெயைத் தேய்த்துத் துடைத்துவிட்டு, பிறகு சோப்புப் போடுங்கள். வாயில் காரம் ஏறினால் கெட்டித் தயிர் சாப்பிடுங்கள்.

5. வாழையும் பலாவும்: வாழைப்பூ, வாழைக்காய் நறுக்குமுன் கையில் எண்ணெய் தடவினால் கறை தோலில் பிடிக்காது. பலாப்பால் வேறு ரகம். கத்தியில் ஒட்டினால் எண்ணெயால் துடைத்தால்தான் விடும்.

6. குத்துவிளக்கு: புளி பித்தளையின் களிம்பை எடுக்கும், எண்ணெய்ப் பிசுக்கை எடுக்காது. முதலில் அரிசி மாவோ பழைய துணியோ கொண்டு பிசுக்கைத் துடையுங்கள். அடுத்து வெந்நீரும் சோப்பும், கடைசியில் புளி.

7. எண்ணெய்க் குளியல்: சீயக்காயில் உள்ள சாப்போனின் மூலக்கூறின் ஒரு முனை எண்ணெயைப் பிடிக்கும், மறுமுனை தண்ணீரைப் பிடிக்கும். எனவே தலை முழுக்க நனையுமுன் சீயக்காயைக் கொஞ்சம் கெட்டியாகக் குழைத்துத் தேய்த்து, பிறகு தண்ணீர் ஊற்றுங்கள்.

8. தஞ்சாவூர் ஓவியம்: பலகையில் ஒட்டிய துணிமேல் சுண்ணாம்புப் பொடியையும் பசையையும் குழைத்துப் புடைப்பு வேலை செய்திருப்பார்கள். பசை தண்ணீர்க் கட்சி. ஈரம் பட்டால் இளகும். ஈரத்துணியால் ஒருபோதும் துடைக்காதீர்கள். உலர்ந்த மென்தூரிகை போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவர் ஓதமேறினால் படத்தை இடம் மாற்றுங்கள்.

9. உயிர் மீன்: ஆக்சிஜன் முனைவற்றது, ஆனாலும் தண்ணீரில் கொஞ்சம் கரைகிறது. முனைவுள்ள நீர் மூலக்கூறு அருகில் வரும்போது ஆக்சிஜனின் எலக்ட்ரான்கள் ஒரு பக்கம் சாய்ந்து, தற்காலிகமாக ஒரு முனைவு உண்டாகிறது. பிறகு இரண்டும் லேசாக ஈர்த்துக்கொள்கின்றன. இதுவே இருமுனை–தூண்டப்பட்ட இருமுனை விசை. 1936-இல் வேதியியல் நோபல் பெற்ற பீட்டர் டெபையின் பெயரால் டெபை விசை என்றும் சொல்வார்கள். பிடி பலவீனமானது என்பதால் கரையும் அளவும் குறைவு: 0 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 14.6 மில்லிகிராம், 25 டிகிரியில் சுமார் 8 மில்லிகிராம், சூடு ஏற ஏற இன்னும் குறையும். ஆகவே சித்திரை வெயிலில் மீன் தொட்டியை ஜன்னலோரம் வைக்காதீர்கள். கரண்ட் போய் மோட்டார் நின்றால், தொட்டித் தண்ணீரையே குவளையில் மொண்டு உயரத்திலிருந்து ஊற்றுங்கள், காற்று கலக்கும். உயிரோடு வாங்கிய விரால், மேலே வந்து காற்றைக் குடித்துப் பிழைக்கும். கெண்டைக்கு அந்த வசதி இல்லை. அகலமான பாத்திரத்தில் நிழலில் வையுங்கள்.

10. வாணலியில் தீ: எண்ணெய் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றவே கூடாது. எண்ணெயோடு கலக்காத தண்ணீர் அடியில் இறங்கி, நொடியில் ஆவியாகி, எரியும் எண்ணெயைச் சிதறடிக்கும். அடுப்பை அணைத்து, பொருத்தமான உலோகத் தட்டால் மூடி, ஆறும்வரை திறக்காதீர்கள். வீட்டில் சமைக்கும் எல்லோருக்கும், பிள்ளைகளுக்கும், இந்த ஒன்றைக் கட்டாயம் சொல்லி வையுங்கள்.