உண்ணத்தகும் உறை

உணவைப் பொதிந்து காக்கும் உறை எத்துணைக் காலம் நிலைத்தல் வேண்டும்? உள்ளிருக்கும் பண்டம் உண்ணப்படும் வரையில் நிலைத்தால் போதும். 1933-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் கண்டறியப்பட்ட பாலிதீனோ, ஒரு நாள் உதவிவிட்டுப் பல்லாண்டுகள் மக்காமல் மண்ணிற் கிடக்கிறது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருள்கள் பலவற்றைத் தமிழ்நாட்டரசு 2019 சனவரி முதல் நாள் தொட்டுத் தடை செய்தது. அவற்றின் இடத்தை நிரப்ப அறிவியலார் முயலும் வழிகளுள் ஒன்று, உண்ணத்தகும் மென்படலம்.

இக்கருத்து முற்றிலும் புதியதன்று. சப்பானியர், சோயாப்பாலைக் காய்ச்சும்போது மேலே படரும் ஆடையை எடுத்து, 'யூபா' என்னும் பெயரால் நெடுங்காலமாக உண்டு வருகின்றனர். தமிழர் வீடுகளில் வடாம் இடுவதைக் கண்டவர்க்கோ, படலம் செய்யும் முறை எளிதில் விளங்கும்.

மரவள்ளிக் கிழங்கின் மாச்சத்தை நீரிற் கரைத்து, கிளறிக்கொண்டே சூடேற்றுவர். மாவுமணிகள் நீரை உறிஞ்சிப் பருத்துச் சிதைந்து கூழாகும். அக்கூழைத் தட்டில் மெல்லெனப் பரப்பி உலர்த்தினால், ஒளி ஊடுருவும் ஏடு கிடைக்கும். ஆயின் அது வடாத்தைப் போலவே நொறுங்கும். மடித்துப் பொதிதற்கு உதவாது. ஆதலின் கூழிலேயே சிறிது கிளிசரின் சேர்ப்பர். அது மாச்சத்தின் நீண்ட இழைகளுக்கிடையே புகுந்து, அவை ஒன்றையொன்று இறுகப் பற்றாதவாறு விலக்குகிறது. ஏடு வளைந்து கொடுக்கிறது.

இவ்வேடு பண்டத்தைப் பொதியுமேயன்றிக் கெடாமற் காக்க அதனால் இயலாது. அப்பணியை இலைச்சாறு செய்கிறது. தேயிலை, கொய்யா, முருங்கை ஆகியவற்றின் இலைகளில் பாலிபீனால்கள் என்னும் பொருள்கள் உண்டு. தேநீரின் துவர்ப்பு இவற்றால் வருவதே. உலர்ந்த இலைப்பொடியை வெந்நீரில் ஊறவைத்து வடிகட்டி, கூழ் சற்று ஆறிய பின்னரே அதனிற் கலப்பர். மிகுந்த வெப்பம் சாற்றின் ஆற்றலைக் குறைத்துவிடும். எண்ணெய்ப் பண்டங்கள் நாட்பட்டால் சிக்குவாடை வீசுவதற்குக் காரணம், காற்றிலுள்ள உயிர்வளி கொழுப்பைத் தாக்குவதாகும். பாலிபீனால்கள் முந்திச் சென்று அத்தாக்குதலைத் தாம் ஏற்கின்றன. சிலவகை நுண்ணுயிர்களின் பெருக்கத்தையும் தடுக்கின்றன. சாறு மிகுந்தால் நன்மை மிகும் என்று கருதுதல் தவறு. ஏடு பழுப்பேறும், துவர்ப்பு உணவில் ஏறும், வலிமையும் குன்றக்கூடும்.

நீங்காத குறை ஒன்று உண்டு. மாச்சத்து நீரை நாடும் இயல்பினது. மண்ணில் இட்டவுடன் ஈரம் ஏற்று நுண்ணுயிர்க்கு இரையாவதற்குத் துணைசெய்யும் அவ்வியல்பே, மழைக்காலத்து ஈரக்காற்றிலும் படலத்தைத் தளரச் செய்கிறது. தேன்மெழுகு சேர்த்தால் ஈரம் புகுவது குறையும். ஆனால் ஏட்டின் தெளிவு மங்கும். ஆகவே குழம்புக்கும் தயிருக்கும் இவ்வுறை ஏற்றதன்று. உலர்ந்த பண்டங்களுக்கே பொருந்தும். அங்கும் பலர் கைபட்டுத் தூசு படிந்த ஏட்டை எவரும் உண்ணத் துணியார். உண்ணத்தகும் உறையைத் தூய்மையாக வைத்திருக்க, அதற்கு வெளியே தாள் உறை ஒன்றும் வேண்டியிருக்கிறது.